அமெரிக்கா மெக்சிகோவின் நிலத்தை எடுத்தது நியாயமா? டெக்சஸ் முதல் கலிஃபோர்னியா வரை ஒரு விவாதம்

ஹூஸ்டன்வாசி:

போன வாரம் வேறொரு இழையில், ‘டெக்சஸ், கலிஃபோர்னியா எல்லாம் மெக்சிகோவிடம் திருடிய நிலம்தானே’ என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு என்பதால் பதில் சொல்லவில்லை. தனியாகவே பேசுவோம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த விரிவாக்கத்தில் கறைகள் உண்டு, ஆனால் மொத்தத்தில் அது நியாயமானது.

டெக்சஸில் இருந்து தொடங்குகிறேன். அமெரிக்கர்கள் அங்கே படையோடு போகவில்லை, அழைக்கப்பட்டுத்தான் போனார்கள். 1821-ல் மோசஸ் ஆஸ்டினுக்கு முந்நூறு குடும்பங்களைக் குடியேற்ற ஸ்பெயின் ஆட்சி அனுமதி கொடுத்தது. அவர் இறந்ததும், அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த மெக்சிகோ அதே அனுமதியை அவர் மகன் ஸ்டீபன் ஆஸ்டினுக்கு உறுதி செய்தது. 1824-ன் அரசியல் சட்டம் மாநிலங்களுக்கு நல்ல அதிகாரம் தந்தது. அந்தச் சட்டத்தை நம்பிக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1835-ல் மெக்சிகோ அதிபர் சாண்டா அனா அதைத் தூக்கி எறிந்து, எல்லா அதிகாரத்தையும் தலைநகரத்துக்கு இழுத்துக்கொண்டார். எதிர்த்தது டெக்சஸ் மட்டுமில்லை. சகாடெகாஸ் மாநிலம் எதிர்த்தபோது அவருடைய படை அதன் நகரத்தைச் சூறையாடியது. பின்னால் யுகடான் மாநிலமும் பிரிந்து போனது. டெக்சஸின் கோலியாதில் சரணடைந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்களை 1836 மார்ச் 27 அன்று நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஆட்சியை உதறியதில் என்ன அநியாயம்?

அதே ஆண்டு ஏப்ரலில் சான் ஜசிண்டோ சண்டையில் சாண்டா அனாவே பிடிபட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் டெக்சஸ் தனி நாடு. அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து, பிரிட்டன் எல்லாம் அங்கீகரித்தன. மெக்சிகோ 1842-ல் இரண்டு முறை சான் அன்டோனியோவுக்குள் வந்து திரும்பிப் போனதோடு சரி. 1845-ல் அந்தத் தனி நாடு தன் விருப்பத்தோடு அமெரிக்காவில் சேர்ந்தது.

போர் வருவதற்கு முன்னால் அமெரிக்க அதிபர் போல்க் நீட்டியது பணம். ஜான் ஸ்லைடெல் என்ற தூதரை 1845 கடைசியில் அனுப்பி, கலிஃபோர்னியாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் சேர்த்து 2 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கத் தயாராக இருந்தார். அவரை உட்கார வைத்துப் பேசக்கூட மெக்சிகோ தயாராக இல்லை. போரில் தலைநகரத்தையே பிடித்த பிறகும் அமெரிக்கா 1.5 கோடி டாலர் கொடுத்தது. மெக்சிகோ அரசு அமெரிக்கர்களுக்குத் தர வேண்டியிருந்த 32.5 லட்சம் டாலர் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் தானே ஏற்றது. ஜெயித்தவன் தோற்றவனுக்குப் பணம் கொடுத்த போர்கள் எத்தனை இருக்கின்றன?

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி, டெக்சஸ் கிளர்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். போர் எப்படித் தொடங்கியது என்பதை நீங்கள் ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை வழக்கே அங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயின் காலத்திலும் மெக்சிகோ காலத்திலும் டெக்சஸின் தெற்கு எல்லை நியூசெஸ் ஆறு. அதற்குத் தெற்கே ரியோ கிராண்டே வரைக்கும் இருந்த நிலம் வேறு மாநிலங்களைச் சேர்ந்தது, பெரும்பகுதி தமாலிபாஸ். ரியோ கிராண்டே வடகரையில் இருந்த லாரெடோவை டெக்சஸ் குடியரசு ஒரு நாளும் ஆண்டதில்லை. டெக்சஸ் காங்கிரஸ் 1836 டிசம்பரில் ‘ரியோ கிராண்டேதான் எங்கள் எல்லை’ என்று காகிதத்தில் எழுதிக்கொண்டது. அந்தக் கணக்குப்படி சாண்டா ஃபேயும் டெக்சஸுக்குள் வரும். 1841-ல் அதை நிலைநாட்டப் போன டெக்சஸ் கூட்டம் மொத்தமும் பிடிபட்டு, கைதிகளாக மெக்சிகோவுக்கு நடந்தே போனது.

அந்த நிலத்துக்குள்தான் 1846 ஜனவரி 13 அன்று போல்க், ஜெனரல் டெய்லரைப் போகச் சொன்னார். டெய்லர் ரியோ கிராண்டே கரையில் கோட்டை கட்டி, எதிர்க்கரையில் இருந்த மெக்சிகோவின் மாதமோரோஸ் நகரத்தை நோக்கிப் பீரங்கியை நிறுத்தினார். ஏப்ரல் 25-ல் ஒரு ரோந்துப் படை மெக்சிகோ குதிரைப்படையிடம் சிக்கியது, பத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ‘அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது’ என்று மே 11-ல் போல்க் காங்கிரஸிடம் போனார்.

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். மோதல் நடந்த செய்தி வாஷிங்டன் வந்து சேர்ந்தது மே 9 மாலை. அன்றைக்குப் பகலிலேயே போல்க் அமைச்சரவையைக் கூட்டி, போர் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இது அவருடைய சொந்த நாட்குறிப்பில் இருக்கிறது. ரத்தம் சிந்திய செய்தி வருவதற்கு முன்பே போர் முடிவாகியிருந்தது என்றால், ரத்தம் காரணமா, சாக்கா?

டெய்லரோடு போன கர்னல் ஈதன் ஆலன் ஹிட்ச்காக் அந்த மார்ச்சிலேயே தன் குறிப்பில் எழுதினார்: இங்கே இருக்க நமக்குத் துளி உரிமையும் இல்லை, கலிஃபோர்னியாவை எடுக்கச் சாக்குத் தேடித்தான் ஒரு சிறு படையை அரசு அனுப்பியதுபோல் தெரிகிறது. அதே படையில் இளம் அதிகாரியாக இருந்த யுலிசஸ் கிராண்ட், பின்னாளில் அதிபராகவும் இருந்தவர், பலமான நாடு பலவீனமான நாட்டின்மேல் நடத்திய மிக அநியாயமான போர்களில் இது ஒன்று என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். நாங்கள் சண்டையைத் தூண்டுவதற்காக அனுப்பப்பட்டோம், ஆனால் அதைத் தொடங்குவது மெக்சிகோவாக இருக்க வேண்டியிருந்தது என்றும் எழுதினார். இவர்கள் யாரும் மெக்சிகோவின் வழக்கறிஞர்கள் இல்லை.

கடலோடி:

இரண்டு பேருமே நியாயம், அநியாயம் என்று பேசுகிறீர்கள். உலகத்தில் எந்த நாட்டின் எல்லை கோர்ட்டில் தீர்ப்பாகி வரையப்பட்டது? மெக்சிகோவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? ஸ்பெயினிடமிருந்து. ஸ்பெயினுக்கு? வாளால். பலவீனமான அரசு, தூரத்து மாகாணங்கள், பக்கத்தில் வேகமாக வளரும் நாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கேயும் இதுதான் நடக்கும். 1846-ல் நடக்காவிட்டால் 1856-ல் நடந்திருக்கும்.

கரிசல்காட்டான்:

கடலோடி, நடந்திருக்கும் என்பது வேறு, நடந்தது நியாயம் என்பது வேறு. நீங்கள் சொல்வது முதல் கேள்விக்குப் பதில். இழை இரண்டாவதைப் பற்றியது.

ஹூஸ்டன்வாசி:

//ரத்தம் காரணமா, சாக்கா?//

நல்ல கேள்வி. ஆனால் மெக்சிகோ பக்கத்தையும் அதே கண்டிப்போடு பாருங்கள். டெக்சஸை இணைத்தால் அதைப் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்று 1843-லேயே மெக்சிகோ எச்சரித்தது. 1845 மார்ச்சில் இணைப்புத் தீர்மானம் நிறைவேறியதும் அவர்களுடைய தூதர் அல்மோன்டே வாஷிங்டனை விட்டுக் கிளம்பினார், உறவு முறிந்தது. ஸ்லைடெலோடு பேசலாமா என்று யோசித்த அதிபர் எர்ரேராவையே ‘நாட்டை விற்கிறார்’ என்று சொல்லி ஜெனரல் பரேதெஸ் கவிழ்த்தார். அந்தப் பரேதெஸ் 1846 ஏப்ரல் 23-ல், அதாவது உங்கள் ரோந்துப் படை மோதலுக்கு இரண்டு நாள் முன்னால், தற்காப்புப் போர் தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். போரை விரும்பியவர் போல்க் மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம் எல்லை. சான் ஜசிண்டோவுக்குப் பிறகு வெலாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி மெக்சிகோப் படை ரியோ கிராண்டேக்குத் தெற்கே போக வேண்டும். ஜெனரல் ஃபிலிசோலா அப்படியே போகவும் செய்தார். ஆகவே ரியோ கிராண்டே கோரிக்கை காற்றில் வந்ததில்லை. குறைந்தது, அது தகராறில் இருந்த நிலம். தகராறில் இருக்கும் நிலத்தில் இரண்டு பக்கமும் படை வைத்தால் யாரோ ஒருவர் முதலில் சுடத்தான் செய்வார்.

இன்னொன்று, கடன். அமெரிக்கக் குடிமக்களுக்கு மெக்சிகோ சுமார் 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று நடுவர் குழு 1840-களின் தொடக்கத்தில் முடிவு செய்தது. சில தவணை கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

கரிசல்காட்டான்:

வெலாஸ்கோ ஒப்பந்தம் சாண்டா அனா கைதியாக இருந்தபோது கையெழுத்துப் போட்டது. மெக்சிகோ காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. கைதியின் கையெழுத்தில் ஒரு நாட்டின் எல்லை மாறும் என்றால் நாளைக்கு எந்த அதிபரையும் பிடித்து எதையும் எழுதி வாங்கலாம்.

கடன் விஷயம் கேட்க நன்றாக இருக்கிறது. அதே 1840-களில் மிசிசிப்பி உட்பட சில அமெரிக்க மாநிலங்கள் பிரிட்டிஷ் முதலீட்டாளர்களுக்குத் தர வேண்டிய கடனைக் கொடுக்க முடியாது என்று கைவிரித்தன. அதற்காக லண்டன் மிசிசிப்பியின்மேல் படை அனுப்பவில்லை. கடன்பட்டவனின் நிலத்தைப் பறிக்கலாம் என்ற விதி பலவீனமானவனுக்கு மட்டும்தான் என்றால் அது விதியே இல்லை.

தகராறு நிலம் என்கிறீர்களே, போல்க் காங்கிரஸிடம் ‘தகராறில் உள்ள நிலத்தில்’ என்று சொல்லவில்லை, ‘அமெரிக்க மண்ணில்’ என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையின்மேல்தான் ஓட்டுப் போட்டார்கள்: கீழவையில் 174-க்கு 14, செனட்டில் 40-க்கு 2. ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்று புது உறுப்பினரான லிங்கன் 1847 டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். 1848 ஜனவரியில் அதே கீழவை, இந்தப் போர் அதிபரால் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமாகவும் தொடங்கப்பட்டது என்று 85-க்கு 81 ஓட்டில் சொன்னது. இது அன்றைய அமெரிக்கர்களே தங்களுக்குள் கொடுத்த தீர்ப்பு.

நிர்மலா:

டெக்சஸை ஒதுக்கி வைத்துவிட்டு 1846-ஐ மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, கரிசல் தம்பி. ஹூஸ்டன்வாசி சார் வரைந்த படத்தில் பாதிதான் இருக்கிறது. சாண்டா அனா 1824 சட்டத்தை ஒழித்தது உண்மை, கோலியாத் கொலை உண்மை. இவற்றில் நானும் மெக்சிகோ அரசுக்காகப் பேச மாட்டேன். யுகடானில் பிறந்து, மெக்சிகோவில் அமைச்சராக இருந்த லொரென்சோ தெ சவாலா டெக்சஸ் குடியரசின் முதல் துணை அதிபராக ஆனார். சான் ஜசிண்டோவில் ஹுவான் செகின் தலைமையில் மெக்சிகோ வம்சாவளியினரும் டெக்சஸ் பக்கம் நின்று போரிட்டார்கள். ஆகவே கிளர்ச்சி முழுக்க வெள்ளையர் சதி என்று எளிமையாகச் சொல்ல முடியாது.

ஆனால் குடியேறியவர்களுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே 1824 சட்டத்துக்கு முன்பிருந்தே இன்னொரு சண்டை நடந்தது. அடிமைகள். 1829 செப்டம்பரில் அதிபர் விசென்டே குவெரேரோ, இவருடைய முன்னோர்களில் ஆப்பிரிக்கர்களும் உண்டு, நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டார். டெக்சஸ்காரர்கள் கதறியதால் சில மாதத்தில் டெக்சஸுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அடிமைகளை ‘99 ஆண்டு ஒப்பந்த வேலையாள்’ என்று எழுதிக் கொண்டுவரும் வழக்கமும் இருந்தது. 1830 ஏப்ரல் 6 சட்டம் அமெரிக்காவிலிருந்து புதிய குடியேற்றத்தைத் தடுத்தது, புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதையும் தடுத்தது. அப்போதும் சட்டத்தை மீறி வந்துகொண்டே இருந்தார்கள். அழைக்கப்பட்டுத்தான் போனார்கள் என்பது முதல் சில ஆண்டுகளுக்குத்தான் பொருந்தும்.

விடுதலை பெற்றதும் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். 1836-ன் டெக்சஸ் அரசியல் சட்டம்: காங்கிரஸுக்கு அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் கிடையாது. காங்கிரஸ் அனுமதி இல்லாமல் எஜமானரே விரும்பினாலும், விடுவித்த அடிமையை டெக்சஸுக்குள் வைத்திருக்க முடியாது. சுதந்திரமான கறுப்பினத்தவர் நிரந்தரமாகத் தங்கவே காங்கிரஸ் அனுமதி வேண்டும். 1836-ல் சுமார் 5,000 அடிமைகள் இருந்த டெக்சஸில், 1860 கணக்கெடுப்பில் 1,82,566 பேர். கொடுங்கோன்மையை எதிர்த்த போராட்டம் என்று அதை அழைக்கும்போது இந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள்?

செகினின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சான் ஜசிண்டோ வீரர், சான் அன்டோனியோ மேயர். 1842-ல் துரோகி என்ற பழியோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அதே மெக்சிகோவுக்கு ஓட வேண்டியிருந்தது. சொந்த மண்ணில் அந்நியன் ஆனேன் என்று பின்னால் எழுதினார். டெக்சஸுக்காக ரத்தம் சிந்தியவருக்கே டெக்சஸில் இடமில்லை.

ஹூஸ்டன்வாசி:

நிர்மலா மேடம், அடிமைமுறை டெக்சஸின் மிகப் பெரிய பாவம். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் அதை வைத்து மொத்த விரிவாக்கத்தையும் விளக்க முடியாது. கலிஃபோர்னியா 1850-ல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகத்தான் சேர்ந்தது. மெக்சிகோவிடம் பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற வில்மட் திருத்தம் 1846-லேயே கீழவையில் நிறைவேறியது, செனட்தான் விடவில்லை. அடிமைமுறையை வெறுத்த வடமாநிலக்காரர்களும் மேற்கே போகத்தான் விரும்பினார்கள்.

கடலோடி:

கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்வோமே. மெக்சிகோ அங்கே என்ன வைத்திருந்தது? சான் டியகோ முதல் சோனோமா வரைக்கும், பழங்குடியினர் தவிர்த்து, பத்தாயிரத்தைத் தாண்டாத மக்கள். மெக்சிகோ நகரம் அனுப்பிய ஆளுநர்களை அங்கிருந்தவர்களே விரட்டினார்கள். 1836-ல் அல்வராடோ கிளர்ச்சி செய்தார், 1845-ல் மிச்செல்டொரேனாவைக் கப்பலேற்றினார்கள். காப்பாற்றவும் முடியவில்லை, ஆளவும் முடியவில்லை, குடியேற்றவும் முடியவில்லை. வரைபடத்தில் வண்ணம் அடித்திருப்பது மட்டும் உரிமை ஆகுமா?

நிர்மலா:

ஆளுநரை விரட்டியவர்கள் அமெரிக்காவை அழைக்கவில்லையே. 1846 டிசம்பரில் சான் பாஸ்குவலில் அதே கலிஃபோர்னியாக்காரர்கள் ஈட்டியோடு குதிரையில் வந்து அமெரிக்க ஜெனரல் கியர்னியின் படையை அடித்தார்கள். நியூ மெக்சிகோவின் தாவோஸில் 1847 ஜனவரியில் மக்கள் எழுந்து, அமெரிக்கா நியமித்த ஆளுநர் சார்லஸ் பென்ட்டைக் கொன்றார்கள். பதிலுக்கு அமெரிக்கப் படை பியூப்லோ கிராமத்துத் தேவாலயத்துக்குள் ஒதுங்கியவர்களைப் பீரங்கியால் தகர்த்தது. பிடிபட்டவர்களில் சிலரைத் தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவர்மேல் சாட்டிய குற்றம் தேசத்துரோகம். அவர் அமெரிக்கக் குடிமகனே இல்லை! அந்தக் குற்றச்சாட்டு தவறு என்று வாஷிங்டனே பிறகு ஒப்புக்கொண்டது. தூக்கில் தொங்கியவருக்கு அது உதவவில்லை.

பொன்னி:

இவ்வளவு நேரமும் இரண்டு நாடுகள் ஒரு நிலத்துக்குச் சண்டை போட்ட கதையாகவே போகிறது. கடலோடி ‘பழங்குடியினர் தவிர்த்து’ என்று அரை வரியில் கடந்துவிட்டார். அந்த அரை வரியில் ஒன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள். 1840-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் இருந்த பழங்குடியினரின் எண்ணிக்கையாக வரலாற்றாசிரியர்கள் சொல்வது அது.

அப்புறம் கொமாஞ்சே பழங்குடியினர். டெக்சஸின் மேற்குப் பாதியை ஸ்பெயினும் ஆளவில்லை, மெக்சிகோவும் ஆளவில்லை. அவர்கள்தான் ஆண்டார்கள். 1830-கள், 40-களில் நூற்றுக்கணக்கான குதிரை வீரர்களாகச் சேர்ந்து சிவாவா, துராங்கோ, சகாடெகாஸ் வரைக்கும் இறங்கித் தாக்கினார்கள். வட மெக்சிகோ கிராமங்கள் காலியாயின. டெய்லர் படை போனபோது ஏற்கெனவே அடிபட்டு ஓய்ந்த நாட்டுக்குள்தான் போனது. அபாச்சே பழங்குடியினரின் தலைக்கு மெக்சிகோ மாநிலங்களான சோனோராவும் சிவாவாவும் காசு கொடுத்தன. ஆகவே மெக்சிகோவை அப்பாவியாகக் காட்டினால் என்னால் ஏற்க முடியாது.

ஆனால் கொடி மாறியதால் யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் தெளிவாக இருக்கிறது. மெக்சிகோ சட்டப்படி பழங்குடியினரும் குடிமக்கள். நடைமுறையில் அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் சொன்னது. அமெரிக்காவில் பழங்குடியினர் எல்லோருக்கும் குடியுரிமை 1924-ல்தான் வந்தது. கலிஃபோர்னியா 1850-ல் போட்ட சட்டம் பழங்குடிச் சிறுவர்களை வெள்ளையர் வேலைக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வழிசெய்தது. முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் 1851-ல் சட்டமன்றத்திலேயே, பழங்குடி இனம் அழியும் வரை அழிப்புப் போர் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும் என்றார். வேட்டையாடிய தனியார் படைகளுக்கு மாநில அரசு பணம் கொடுத்தது. 1870 வாக்கில் ஒன்றரை லட்சம் என்பது முப்பதாயிரமாகக் குறைந்தது. 2019-ல் அந்த மாநில ஆளுநரே இதை இனப்படுகொலை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

மானுவேல் டொமிங்கெஸ் என்ற ஒருவர். 1849-ல் கலிஃபோர்னியாவின் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் உண்டு. 1857-ல் ஒரு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனார். பழங்குடி ரத்தம் கலந்தவர், சாட்சி சொல்லத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாகரிகத்தைக் கொண்டுபோனோம் என்று யாராவது இனி எழுதினால் அவருக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி:

பொன்னி, நீங்கள் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அது அமெரிக்கா மெக்சிகோவுக்குச் செய்தது அல்ல, இரண்டு நாடுகளும் பழங்குடிகளுக்குச் செய்தது. தனி இழையே வேண்டும். நான் கேட்ட பணக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:

பணத்துக்கு வருகிறேன் அண்ணாச்சி.

1847 செப்டம்பர் 14 முதல் மெக்சிகோ நகரம் அமெரிக்கப் படையின் கையில். வெராக்ரூஸ் துறைமுகமும் அவர்கள் கையில், சுங்க வரி வசூலும் அவர்கள் கையில். அந்த நிலையில் 1848 பிப்ரவரி 2-ல் குவாதலூப்பே இதால்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. வீட்டுக்குள் அடியாட்களை உட்கார வைத்துவிட்டு எழுதி வாங்கும் கிரயப் பத்திரத்துக்கு நம்மூர் நீதிமன்றம் என்ன மதிப்புக் கொடுக்கும்? பத்திரத்தில் தொகை இருக்கிறது என்பதால் அது விற்பனை ஆகிவிடாது. விற்க மாட்டேன் என்று 1845-ல் சொன்னவரிடம், படை அனுப்பி, முதலில் பேசியதைவிடக் குறைந்த விலைக்கு எழுதி வாங்கினார்கள். சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். டெக்சஸையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது.

நிலம் மெக்சிகோவுடையது என்பதில் அமெரிக்காவுக்கே சந்தேகம் இருந்ததில்லை. 1819-ல் ஸ்பெயினோடு போட்ட ஒப்பந்தத்தில் டெக்சஸின் கிழக்கு எல்லையான சபைன் ஆற்றுக்கு அப்பால் உரிமை இல்லை என்று கையெழுத்திட்டது அமெரிக்கா. மெக்சிகோவோடு 1828-ல் அதையே உறுதி செய்தது. டெக்சஸை விலைக்குக் கேட்டவர்கள் ஜான் குவின்சி ஆடம்ஸும் ஆண்ட்ரூ ஜாக்சனும். 1842-ல் கமோடோர் ஜோன்ஸ் என்ற கடற்படைத் தளபதி, போர் தொடங்கிவிட்டது என்று நினைத்து கலிஃபோர்னியாவின் மான்டெரேயைப் பிடித்துக் கொடி ஏற்றினார். போர் இல்லை என்று தெரிந்ததும் மறுநாளே கொடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். தன்னுடையது இல்லை என்று தெரிந்த பொருளைத்தானே அப்படித் திருப்பிக் கொடுப்பார்கள்!

ஒப்பந்தத்தையாவது மதித்தார்களா? மெக்சிகோ அரசு கொடுத்த நிலப் பட்டாக்கள் செல்லும் என்று பத்தாவது பிரிவு சொன்னது. 1848 மார்ச்சில் செனட் அந்தப் பிரிவையே வெட்டி எறிந்துவிட்டு மீதியை 38-க்கு 14 ஓட்டில் ஏற்றது. சொத்து மதிக்கப்படும் என்ற எட்டாவது பிரிவு மிச்சம் இருந்தது. 1851-ல் கலிஃபோர்னியா நிலச் சட்டம் வந்தது: ஒவ்வொரு பழைய உரிமையாளரும் ஆணையத்தின் முன் போய்த் தன் உரிமையை நிரூபிக்க வேண்டும். 800-க்கும் மேற்பட்ட வழக்குகள். ஒரு வழக்கு முடியச் சராசரியாக 17 ஆண்டுகள். ஜெயித்தவர்களும் வக்கீல் கட்டணத்துக்கும் வட்டிக்கும் நிலத்தை விற்றார்கள். அமெரிக்க ஆட்சியை விரும்பியவர் என்று பெயர் பெற்ற மரியானோ வயேஹோவே சோஸ்கோல் நிலத்தை 1862-ல் உச்ச நீதிமன்றத்தில் இழந்தார்.

இந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அமெரிக்கத் தூதர் நிக்கலஸ் ட்ரிஸ்ட். அன்று கையெழுத்திட்ட மெக்சிகோக்காரர்களின் அவமானத்தைவிட அமெரிக்கனாகத் தன் வெட்கம் பெரிது என்று அவர் வீட்டில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. போல்க் அவரைத் திரும்ப அழைத்த பிறகும் தங்கிப் பேசி முடித்தவர். ஏனென்றால் தாமதித்தால் வாஷிங்டன் இன்னும் அதிகம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஹூஸ்டன்வாசி:

நீங்களே சொல்லிவிட்டீர்கள்: இன்னும் அதிகம் கேட்டிருக்க முடியும். மொத்த மெக்சிகோவையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கோஷம் அப்போது பலமாக இருந்தது. எடுக்கவில்லை. தலைநகரத்தில் படை இருக்கும்போது பாதியோடு நின்று, பணமும் கொடுத்து, இருந்த மக்களுக்குக் குடியுரிமையும் கொடுத்த ஒரு நாட்டை அன்றைய ஐரோப்பிய சாம்ராஜ்யங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1838-ல் பிரான்ஸ் சில வணிகர்களின் நஷ்ட ஈட்டுக்காக வெராக்ரூஸைப் பீரங்கியால் தாக்கியது. அந்தக் காலத்தின் அளவுகோலில்தான் அந்தக் காலத்தை அளக்க வேண்டும்.

சரி, ஒரு நேரடிக் கேள்வி. 1846 ஜனவரியில் நீங்கள் போல்க்காக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தூதரை ஏற்க மறுக்கிறார்கள், உறவை முறிக்கிறார்கள், டெக்சஸைத் திரும்பப் பிடிப்போம் என்கிறார்கள். புது மாநிலத்தைப் பாதுகாப்பது அதிபரின் கடமை இல்லையா?

கரிசல்காட்டான்:

ஏன் மொத்தத்தையும் எடுக்கவில்லை என்பதற்கான காரணத்தை செனட்டர் கால்ஹூன் 1848 ஜனவரி 4-ல் செனட்டில் நின்று சொன்னார்: நம்முடையது வெள்ளை இனத்தின் அரசு, மெக்சிகோ மக்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் குறைவாக இருந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்த நிலத்தை விட்டார்கள். அதை நான் பெருந்தன்மைக் கணக்கில் எழுத மாட்டேன்.

காலத்தின் அளவுகோல் என்கிறீர்கள். லிங்கன், ஆடம்ஸ், கிராண்ட், ஹிட்ச்காக், ட்ரிஸ்ட் எல்லோரும் அந்தக் காலத்து ஆட்கள்தான். அவர்களுடைய அளவுகோலைத்தான் நான் இங்கே வைத்திருக்கிறேன்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில். ஒன்றும் புதிதாகச் செய்திருக்க வேண்டாம். டெய்லரின் படை 1845 கோடையிலிருந்து 1846 மார்ச் வரை நியூசெஸ் முகத்துவாரத்தில், கார்பஸ் கிறிஸ்டியில்தான் இருந்தது. கிட்டத்தட்ட நாலாயிரம் பேர், எட்டு மாதம். டெக்சஸ் இணைந்தது, மாநிலம் ஆனது, மெக்சிகோ மிரட்டியது, உறவு முறிந்தது. ஆனால் மெக்சிகோ அந்தப் படையைத் தாக்கவில்லை. டெக்சஸைப் பாதுகாக்க அந்த இடமே போதுமானதாக இருந்தது. அங்கிருந்து கிளம்பி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போனதும்தான் சண்டை வந்தது. டெக்சஸைக் காப்பதற்கு ரியோ கிராண்டே தேவைப்படவில்லை. கலிஃபோர்னியாவைப் பெறுவதற்குத் தேவைப்பட்டது.

ஹூஸ்டன்வாசி:

எட்டு மாதம் தாக்கவில்லை என்பதால் ஒன்பதாவது மாதம் தாக்கியிருக்க மாட்டார்கள் என்று ஆகாது. பரேதெஸ் ஆட்சிக்கு வந்ததே போர் முழக்கத்தோடு. நியூசெஸில் நின்றிருந்தால் தெற்கே மெக்சிகோ படை திரட்ட முழு அவகாசம் கொடுத்திருப்போம். அதிபராக இருப்பவர் அந்தச் சூதாட்டத்தை ஆட முடியாது. என் நிலைப்பாடு அப்படியே இருக்கிறது.

நிர்மலா:

1854-க்கு யாரும் வரவில்லையே? 1848 ஒப்பந்தம் வந்ததும், அமெரிக்காவில் இருக்க விரும்பாத நியூ மெக்சிகோ குடும்பங்கள் பல எல்லைக்குத் தெற்கே போய் லா மெசிய்யா என்ற ஊரில் குடியேறின. மெக்சிகோவிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே வீடு வாசலை விட்டுப் போனவர்கள். 1853 கடைசியில் ரயில் பாதைக்கு வழி வேண்டும் என்று காட்ஸ்டன் ஒப்பந்தம் போட்டு, 1 கோடி டாலருக்கு இன்னொரு துண்டு நிலத்தை அமெரிக்கா வாங்கியது. லா மெசிய்யா அந்தத் துண்டுக்குள் வந்துவிட்டது. 1854-ல் ஊர் நடுவில் அமெரிக்கக் கொடி ஏறியது. இந்த முறை போர் இல்லை, படை தலைநகரத்தில் இல்லை, விற்றவர் மறுபடி ஆட்சிக்கு வந்திருந்த சாண்டா அனா. ஹூஸ்டன்வாசி சாரின் கணக்குப்படி இது சுத்தமான விற்பனை. இந்த ஒன்றை கரிசல் தம்பி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கேட்க ஆசை, ஏனென்றால் கிரயப் பத்திர வாதம் இங்கே செல்லாது. அந்தக் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வாதம்.